புதிய பணியாளர்களுக்கான பாதுகாப்பு அறிமுக வகுப்பு: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் சேரவிருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் பணியிடப் பாதுகாப்பு பற்றிய அறிமுக வகுப்பை நடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது.

இதுவரை அந்த வகுப்பு படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒருவர் அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றிவிட, அது கொதித்துத் தெறித்து அவருடைய முன்கையில் பட்டது. உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது அருகில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. கண் கழுவும் குழாயின் முன்னே அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

ஆகவே, அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்பதையும், மின்சாரத் தீயைக் கரியமில வாயுத் தீயணைப்பானால் அணைக்கும் முறையையும் நேரில் செய்துகாட்ட விரும்புகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்கள் நிரம்பும்போது நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டடங்களுக்குள் வந்துவிடுவதால், கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட நமக்குப் புயற்காலப் பயிற்சியும் அவசியம்.

இத்தகைய வகுப்பை நடத்தியவர்கள் எத்தனை மணி நேரம் ஒதுக்கினீர்கள், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களையும் எவ்வாறு சேர்த்துக்கொண்டீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். எளிய தமிழில் எழுதப்பட்ட ஆய்வகப் பாதுகாப்புக் கையேடு எவரிடமேனும் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.