குனிந்து பார்த்த ரயில்கள்: காட்சிக்கு நிற்கும் பழைய வண்டிகள் பற்றி மூவரின் அனுபவங்கள்

போன மாதம் மகளோடு டெல்லி சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். எல்லோரும் முதலில் ஓடுவது 1855இல் லீட்ஸில் செய்த 'ஃபேரி குவீன்' இன்ஜினிடம்தான். நாங்களும் ஓடினோம். ஆனால் நகரவிடாமல் பிடித்துக்கொண்டது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். யாரோ பாதி கழற்றிவிட்டுப் போன வண்டி என்றே முதலில் நினைத்தேன். மகள்தான் தரையில் குந்திப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பக்கம்தான் தண்டவாளம், அந்தப் பக்கம் வெறும் ரோடு" என்றாள்.

அதேதான். இன்ஜினின் மூன்று சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தில் வரிசையாக நிற்கின்றன. நழுவாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் இரு ஓரமும் விளிம்பு. பாரத்தில் பெரும்பகுதி அவற்றின் மேல். வண்டி சாய்ந்துவிடாமல் தாங்க மட்டும் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். 1907 முதல் 1927 வரை ஓடியிருக்கிறது. கோவேறு கழுதைகளும் இழுத்தனவாம்! பிறகு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை 1962இல் மைக் சாட்டோ என்ற ரயில் ஆர்வலர் கண்டுபிடிக்க, அமிர்தசரஸ் பணிமனையில் உயிர் கொடுத்தார்கள்.

*

பாட்டியாலா ரயிலின் சக்கரக் கதையை மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கோவை சந்திப்பின் வெளியே நிற்கும் நீலகிரி இன்ஜின் ஞாபகம் வந்தது. பத்து வருடம் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். ஒரு நாளும் நின்றதில்லை. ஒரு மாலை ரயில் தாமதம். சும்மா சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன்: பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று.

எதற்கு இரண்டு என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அருகே நின்ற பெரியவர் சிரித்தார். மலை ரயிலில் பிரேக்கைக் கவனிக்கும் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். "கீழே இருப்பது சாதாரணச் சக்கரத்துக்கு, தம்பி. மேலே இருப்பது பல்சக்கரத்துக்கு. சமதளத்தில் அது சும்மா இருக்கும். கல்லாறு தாண்டி, நடுவே பற்கள் வைத்த பல்தண்டவாளத்தில் ஏறியதும், கீழே வேலை முடித்த அதே நீராவி மேலே போய் இன்னொரு முறை உழைக்கும்" என்றார். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் பாதை அது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர் காட்டும் கொடிதான் கண். சொல்லிக்கொண்டே அவர் கை தானாக, இல்லாத கொடி ஒன்றை உயர்த்தியது.

*

கோவை இன்ஜினைப் பற்றி எழுதியவரே, உங்களுக்காவது விளக்க ஆள் கிடைத்தது. நான் ஓர் ஊரில் பார்த்த மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய) பெட்டியில் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பெயிண்ட் அடிக்கும் வெறிக்கு ஒரு முடிவே கிடையாதா? மரச்சட்டம், இரும்பு, திருகாணி, எல்லாவற்றின் மேலும் ஒரே சிவப்பு. தயாரிப்புத் தகட்டைக்கூட விடவில்லை. பார்வையற்றவர் படிப்பதுபோல விரலால் தடவித் தடவி வருடத்தைப் படித்தேன். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது.