நம்ம வீட்டுப் பொண்ணுங்க

செல்வி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மகா: அத்தே, அழிக்கிறதுக்குள்ள படிச்சுட்டேன். இங்க நாம பொம்பளைங்க மட்டும்தான். சொல்லுங்க.

செல்வி அத்தை: போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சுகர் பாக்கப் போனேன்த்தா. 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டுன்னு உள்ள கூப்பிட்டாங்க. ஏதோ தடவிப் பாத்துட்டு, வெள்ளையாத் தெரியுது, ஜி.எச். போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன். சோறே எறங்கல.

கவிதா: ஐயோ அக்கா, வெள்ளைன்னா கேன்சரா?

மகா: இல்ல கவிதா, இரு.
அத்தே, தடவுனது அசிட்டிக் அமிலம், வினிகர்ல இருக்கிறதுதான். செல்லு மாறியிருக்கிற எடம் ஒரு நிமிசத்துல வெளுத்துத் தெரியும். புண்ணு, இன்ஃபெக்ஷன் இருந்தாலும் சில சமயம் வெளுக்கும். அதனாலதான் ஜி.எச்.ல கால்போஸ்கோப்பில பெருசாக்கிப் பாப்பாங்க. சந்தேகம்னா துளி சதை எடுத்து அனுப்புவாங்க.

மகா: கேன்சருக்கு முந்துன நெலைன்னு வந்தாலும், அந்த எடத்தை மட்டும் சூடு வச்சோ உறைய வச்சோ அழிச்சிரலாம். பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். அது கேன்சரா மாற 10, 15 வருசம்கூட ஆகும். அந்தச் சீட்டு காலண்டருக்குப் பின்னாடியே கெடந்தாத்தான் பயப்படணும்.

செல்வி அத்தை: நெட்டுல பாத்தேன். இது உறவுல ஒட்டுற வைரஸால வருதுன்னு போட்டிருக்கு. மாமா என்ன நெனப்பாரு? எப்படிடி சொல்லுவேன்?

மகா: எச்.பி.வி. அத்தே. கல்யாணமான ஆம்பள பொம்பள பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்துட்டுப் போறது. முக்காவாசிப் பேருக்கு ரெண்டு வருசத்துல ஒடம்பே வெரட்டிரும். சிலருக்கு மட்டும் தங்கிரும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. யார் நடத்தைக்கும் இது சாட்சி இல்ல. மாமாகிட்ட நான் பேசுறேன்.

கவிதா: பாப்பாவுக்கு ஸ்கூல்ல சொன்ன ஊசி இதுக்குத்தானா?

மகா: அதேதான். 9 லேருந்து 14 வயசுக்குள்ள போட்டா ரொம்ப நல்லது. ஆனா ஊசி போட்டாலும் 30க்கு மேல டெஸ்ட் எடுக்கணும்.

மகா: நம்ம ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமா வச்சு, 2000த்துல ஊர் ஊராப் போய் நர்ஸுங்களே இந்த டெஸ்ட்டைச் செஞ்சாங்க. டெஸ்ட்டுக்குக் கூப்பிட்ட ஊர்கள்ல இந்தக் கேன்சர் சாவு 35 சதவீதம் கம்மின்னு 2007ல ஆராய்ச்சியா வந்துச்சு. நம்ம மாவட்டத்துப் பொம்பளைங்கள வச்சுத்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது.

சரசு பெரியம்மா: எங்க ஊருக்கும் வந்தாங்க மகா. வெக்கப்பட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டேன். இப்ப எனக்கு நின்னே 6 வருசமாச்சு, இனி தேவையில்லல்ல?
தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு தடவ லேசாப் பட்டுச்சு. சூடுன்னு வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சேன்.

மகா: பெரியம்மா, போனை எடுங்க.

மகா: எடுங்க பெரியம்மா.

சரசு பெரியம்மா: மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கேன், இப்படியே சொல்லு.

மகா: நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டர் பாத்தே ஆகணும். சாதாரணக் காரணமாவும் இருக்கலாம், ஆனா வீட்டுல இருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சீட்டெல்லாம் வேண்டாம், நாளைக்கே அத்தைகூட வாங்க.

செல்வி அத்தை: மதினி, இத்தனை நாளா எங்கிட்டக்கூடச் சொல்லலையே.

சரசு பெரியம்மா: நீ மட்டும் சொன்னியா?

செல்வி அத்தை: சீட்டைப் பையில வச்சுட்டேன். ஆதாரும் எடுத்துக்கங்க மதினி.

சரசு பெரியம்மா: 7 மணி பஸ்ஸுக்கு வேப்பமரத்தடியில நிக்கிறேன்.