46 வயதில் தையல் படிப்பிக்கத் தொடங்கலாமா? கூச்சம்தான் தடை

கேள்வி: களுவாஞ்சிக்குடி தையல்காரி

வயது 46. வீட்டில் சாரிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைக்கிறன். கண்ணும் முதுகும் இனி ஒத்துழைக்காது போல, அதால தையலைப் படிப்பிக்கலாம் என்று யோசனை. ஊர் மாதர் சங்கத்தில் 12 பேருக்கு வகுப்பு எடுக்கக் கேட்கிறாங்க. வேலை தெரியும், வாய்தான் வராது. நாலு பேர் ஒரேயடியாகப் பார்த்தால் தொண்டை அடைக்கும், கை நடுங்கும். "துணிஞ்சு கதை, சரிவரும்" என்று எழுதாதீங்க. என்ன செய்யிற என்று சொல்லுங்க. இந்த வயதில சான்றிதழ் எடுக்க வழி இருக்கா?

பதில்: மட்டுநகர் பயிற்றுநர்

அக்கா, 12 பேருக்கு இப்பவே ஓம் சொல்லாதீங்க. முதலில் ஒரு ஆள். அதுவும் உறவுக்குள்ள வேண்டாம், மச்சாளுக்குப் படிப்பித்தால் பகிடியில்தான் முடியும். பிறகு மூன்று பேர், பிறகு ஆறு. ஒரு படியில் நாலைந்து வகுப்பு எடுத்து, பயம் குறைந்தது தெரிந்த பிறகுதான் அடுத்த படி. பயம் தொடக்கத்தில் ஏறும், இருந்த இடத்திலேயே இருந்தால் இறங்கும். ஏறின நேரம் சாட்டுச் சொல்லி எழும்பினால், ஓடினதாலதான் தப்பினோம் என்று மனம் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கூடும்.

பேச்சைப் பாடமாக்க வேண்டாம். ஒரு சொல் தப்பினால் மிச்சமெல்லாம் போயிரும். முதல் வசனம் ஒன்றை மட்டும் வாய்விட்டு நாலைந்து தரம் சொல்லிப் பாருங்க. மனதுக்குள் சொல்வது கணக்கில்லை, குரல் நடுங்குவது வாயில்தான்.

இனி முக்கியமானது. முதல் வகுப்பில் எல்லாருடைய கண்ணும் உங்கள் முகத்தில் இல்லாமல் ஊசியில் இருக்க வேண்டும். நூல் கோர்க்காத மிசினில் கோடு போட்ட கொப்பித் தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்க. துளை கோட்டில் விழுந்ததா, விலகியதா என்று தாளே சொல்லும், நீங்க திருத்திச் சொல்லவே தேவையில்லை. அதற்குப் பழைய ஊசி போடுங்க, தாள் ஊசியை மழுக்கும். நேர்கோடு வந்ததும் வளைவு, பிறகு சதுர மூலை. மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி வைத்தபடியே, மிசினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். புதிதாகப் படிக்கிறவங்க ஊசியைத் தூக்கிப்போட்டுத் திருப்புவாங்க, மூலை அங்கதான் பிசகும்.

இரண்டாம் வகுப்பு நூல் கோர்ப்பது. துணிக்குக் கீழே நூல் கூடு கட்டினால் எல்லாரும் கீழ் நூல் சுற்றின பொபினைத்தான் குற்றம் சொல்லுவாங்க. பிழை பெரும்பாலும் மேல் நூலில்தான். பாதத்தை இறக்கிவைத்துக் கோர்த்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே இறங்காது. பாதத்தைத் தூக்கிக் கோர்க்கச் செய்து காட்டுங்க, மறுமுறை கூடு வராது. இப்படி ஒன்றைச் சரியாக்கிக் காட்டினால் உங்கள் குரல் நடுங்கினதை யாரும் கவனித்திருக்கப் போவதில்லை.

கை நடுங்கினால் சோக்கை இறுக்கிப் பிடிக்காதீங்க, இறுக்க இறுக்க நடுக்கம் கூடத்தான் செய்யும். மேசையில் முழங்கையை ஊன்றிக் கோடு கீறுங்க. தெரியாததைக் கேட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றன்" என்பது போதும். ஆனால் நாளைக்குச் சொல்லிப்போட வேணும்.

பதில்: அம்பாறைப் பக்கம்

சான்றிதழ் விஷயம் மட்டும். வயது தடை இல்லை. கையில் தொழில் இருக்கிறவங்க வகுப்புக்கே போகாமல், முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆர்.பி.எல் என்று கேட்டால் விளங்கும். மாவட்டத்தில் உள்ள நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் அலுவலகம் அல்லது தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்க. நீங்க செய்த வேலைக்குச் சாட்சி காட்ட வேண்டும்: தைத்த உடுப்புகளின் படம், ஓடர் கொப்பி, வாடிக்கையாளர் கடிதம். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் தைத்துக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்ல வேணும். தேசிய தகுதி நியமம் என்று ஒரு புத்தகம் அந்தத் தொழிலுக்கு இருக்கும், அதை முதலில் வாங்கிப் படியுங்க. பல வருஷம் தைத்தவங்களும் விழுவது அதில் உள்ள பாதுகாப்பு, அளவு, சொல் வழக்கு போன்ற இடங்களில்தான். ஊர் வகுப்புக்குச் சான்றிதழ் பெரிதாகத் தேவைப்படாது. பயிற்சி நிலையத்தில் படிப்பிக்க விண்ணப்பித்தால் கேட்பாங்க.

களுவாஞ்சிக்குடி தையல்காரி

தாள் விஷயம் நல்லா இருக்கு. காசு கேட்கிறதுக்கும் கூச்சம், அதற்கு என்ன செய்யிற?

பதில்: மருதமுனைக் கைத்தறி

வாயால் கேட்க வேணாம். சேர்கிற நாளில் ஒரு பக்கப் படிவம் கொடுங்க: கட்டணம், எந்தத் தேதியில் கட்டுவது, நூல், ஊசி, துணி யார் வாங்குவது, வராத நாளுக்குக் கழிவு உண்டா இல்லையா. அவங்க வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும். கூச்சக்காரர் நட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், படிப்பிக்கத் தெரியாததால் இல்லை.

ஆட்களின் எண்ணிக்கையை மிசினை வைத்து முடிவெடுங்க. ஒரு மிசினுக்கு இரண்டு பேருக்கு மேல் வைத்தால், மிச்சப்பேர் சும்மா இருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாங்க. உங்களுக்கு அதுதானே பயம்.

தையலை உடனே நிறுத்தாதீங்க. கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு, மிச்ச நாள் ஓடர். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும் நாட்களில் ஓடரும் குவியும், பிள்ளைகளும் வகுப்புக்கு வரமாட்டாங்க. அந்த மாதத்தில் வகுப்பு தொடங்குவது வீண். கார்த்திகை, மார்கழி மாரியிலும் தண்ணி நின்றால் பாதிப்பேர்தான் வருவாங்க. தைப்பொங்கல் கழித்துத் தொடங்கினால் சடங்குக்கு முன் மூன்று மாதப் பாடம் ஓடும்.

பதில்: மட்டுநகர் பயிற்றுநர்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நடுக்கத்துக்கு என்று சிலர் பார்மசியில் புரோபிரனோலோல் குளிசை வாங்கிப் போடச் சொல்லுவாங்க. தொய்வு வருத்தம் உள்ளவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர் பார்க்காமல் தொடவே வேண்டாம். கூச்சம் வகுப்போடு நிற்காமல் கடைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகவும் தடுக்குது என்றால், படிப்படி வேலை மட்டும் போதாது. பெரிய வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்க. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

முதல் ஆளைக் கூப்பிட்டாச்சா?