உதவி தேவை: அம்மாவுடன் சென்னைக்குச் செல்கிறேன், நகருக்குள் எப்படிப் பயணிப்பது?

கட்டபெட்டு மகள்
வணக்கம். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு நீலகிரியில் உள்ள கட்டபெட்டிலிருந்து சென்னைக்குச் செல்கிறேன். மயிலாப்பூரில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம்; அதையொட்டி அம்மாவுக்குச் சில இடங்களையும் காட்ட வேண்டும். நகருக்குள் மெட்ரோ நல்லதா, பேருந்து நல்லதா, ஆட்டோ நல்லதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

குன்னூர் ரயிலடி
எதில் செல்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. சென்னையில் எங்கே இறங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றவை அமையும். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி விரைவு வண்டியைப் பிடித்தால் விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகவே மெட்ரோ நிலையத்துக்குள் சென்றுவிடலாம். பேருந்தில் சென்றால் கதையே வேறு.

அரவேணு
அம்மாவுக்கு என்ன வயது? படி ஏறுவாரா? எந்தக் கிழமை சென்னையில் இருப்பீர்கள்? எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிழமை தெரியாமல் எந்த இடத்தையும் சொல்வதற்கில்லை.

லவ்டேல் மூத்தவர்
கல்யாண மாதம் வந்தால் இதே கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். சென்னையில் மெட்ரோ 2015 ஜூன் 29 முதல் ஓடுகிறது. முதல் கட்டத்தில் வந்தவை நீல வழித்தடம், பச்சை வழித்தடம் என இரண்டு தடங்கள். சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகக் கட்டணம் 50 ரூபாய். கையில் உள்ள கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து ஐந்து நிமிடம் செலவிட்டால் தெரிந்துவிடும் செய்தி இது. கேட்பவர்கள் முதலில் தாமாகத் தேடிப் பழக வேண்டும்.

சைதாப்பேட்டைக் கூடலூரான்
ஐயா, வரைபடம் வழியைக் காட்டும். வயதானவரை எந்த வாசலில் இறக்கினால் நடை குறையும் என்பதைச் சொல்லாது. அதற்காகத்தான் மனிதர்களிடம் கேட்கிறார்கள். சகோதரி, நீங்கள் தயங்காமல் விவரம் சொல்லுங்கள்.

உதகை இரவுப் பேருந்து
என் கருத்து ஒன்றுதான்: உதகையிலிருந்து நேரடி அரசு விரைவுப் பேருந்தில் ஏறிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை. ஏறிய இருக்கையிலேயே சென்னை வந்துவிடும்.

சைதாப்பேட்டைக் கூடலூரான்
சென்னை வரும், ஆனால் எந்தச் சென்னை என்று பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, உளுந்தூர்பேட்டை வழியாக வரும் அரசுப் பேருந்துகள் வண்டலூரைத் தாண்டிய அந்த முனையத்தோடு நின்றுவிடுகின்றன. கோயம்பேடு வரை வந்த காலத்தை நினைத்துக்கொண்டு புறப்பட்டால், சென்ட்ரலுக்கு முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மெட்ரோ இல்லாத இடத்தில், தூக்கம் கலைந்த கண்களோடு நிற்க வேண்டும். அங்கிருந்து மாநகரப் பேருந்துகள் நிறையவே உள்ளன. ஆனால் இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு வந்த முதியவருக்கு மறுபடியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்துப் பயணம் என்பது தண்டனை.

கட்டபெட்டு மகள்
அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏற மாட்டார். தங்குவது வடபழனியில், உறவினர் ஏற்பாடு செய்த விடுதியில். வியாழன் காலை முதல் ஞாயிறு வரை. ரயில் சீட்டு காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது.

குன்னூர் ரயிலடி
வடபழனி என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சுக்கு இடமே இல்லை. சென்ட்ரலிலிருந்து பச்சை வழித்தடத்தில் பரங்கிமலை செல்லும் வண்டியில் ஏறினால், எழும்பூர், கோயம்பேடு கடந்து நேராக வடபழனியில் இறங்கலாம். எங்கும் மாற வேண்டாம். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. நுழைவாயிலில் பைகளைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்பதால், ஒரே பெரிய பெட்டியாக இல்லாமல் தூக்கக்கூடிய இரண்டு பைகளாகக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சீட்டு எடுத்தால் கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும்.

காத்திருப்புச் சீட்டு உறுதியாகாவிட்டால் தட்கல் ஒன்றே வழி. புறப்படும் நாளுக்கு முந்தின நாள், குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் பதிவு தொடங்கும். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அதை இன்றே முடித்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் வண்டியில் இடம் இல்லையென்றால் கோவையிலிருந்து இரவில் கிளம்பும் சேரன் விரைவு வண்டியைப் பாருங்கள்; அதுவும் சென்ட்ரலுக்கே செல்கிறது.

உதகை இரவுப் பேருந்து
உறுதியாகாத சீட்டை நம்பி மலை இறங்கச் சொல்வது சரியா? பேருந்தில் இருக்கையாவது நிச்சயம். மேலும் கோத்தகிரிச் சாலையில் இப்போது பலாப்பழக் காலம். குஞ்சப்பனையில் யானை நின்றுவிட்டால் வண்டிகள் வரிசையாக நிற்கும். ரயிலைத் தவறவிட்டால் யார் பொறுப்பு?

அரவேணு
யானை நிற்பது உண்மைதான். நான் அந்தச் சாலையில்தான் குடியிருக்கிறேன். பழம் பழுக்கும் வாசனை வந்துவிட்டால், மாலை மங்கியதும் தோட்டத்து ஓரமாகக் குட்டியோடு இறங்கும். அதற்குத் தீர்வு சாலையை மாற்றுவதல்ல, நேரத்தை மாற்றுவது. வெளிச்சம் இருக்கும்போதே, மாலை நான்கு மணிக்கு முன்பே கோத்தகிரியில் பேருந்து ஏறினால் அச்சமில்லை. கட்டபெட்டிலிருந்து குன்னூர் சென்று பர்லியாறு வழியாக இறங்குவது சுற்று.

லவ்டேல் மூத்தவர்
பர்லியாறு சாலை அகலமானது, வளைவுகளில் வயிறு புரட்டாது. வயதானவர்களுக்கு அதுவே ஏற்றது. மலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

அரவேணு
குன்னூரில் நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள், ஐயா. கொண்டை ஊசி வளைவு இரண்டு சாலைகளிலும் உண்டு. புறப்படுவதற்கு முன் வயிறு நிறைய உண்ணாமல், முன் இருக்கையில் அமர்ந்தால் போதும்.

சைதாப்பேட்டைக் கூடலூரான்
மலைச்சாலை அவர்களுக்குத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கேட்டது சென்னையைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

வடபழனியிலிருந்து மயிலாப்பூருக்கு இன்றைக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம்; கலங்கரை விளக்கம் – பூந்தமல்லித் தடத்துக்கான பணி நடந்துவருவதால் அந்தப் பக்கத்துச் சாலைகளில் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும் இருக்கும். முகூர்த்தத்துக்கு விடியலில் பட்டுப்புடவையும் நகையுமாகக் கிளம்புவீர்கள். வாசலுக்கு வரும் ஆட்டோவைச் செயலியில் அழைத்துக்கொள்ளுங்கள். 2013இல் அரசு வகுத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றாலும், மீட்டர் போடுபவர்களைக் காண்பது அரிது. செயலி காட்டும் தொகையைத் தெரிந்துகொண்டு பேசினால் ஏமாற மாட்டீர்கள்.

மாநகரச் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. நம் மலைப் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை பிறகுதான் வந்தது, சென்னையில் 2021 முதலே உண்டு. ஆயினும் உயரமான படிகளைக் கருதி, அம்மாவை அவற்றில் ஏற்ற வேண்டாம். 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்து கண்ணில் பட்டால் ஏறுங்கள். தரையோடு ஒட்டி நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெயில். ஆனியிலும் பகலில் 37, 38 டிகிரியைத் தொடும். ஈரக்காற்றில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். மலையில் ஸ்வெட்டரோடு இருந்த உடம்புக்கு முதல் நாளே அதைக் காட்டக் கூடாது. வியாழன் காலை விடுதியில் ஓய்வெடுக்கட்டும். மாலையில் கடற்காற்று இறங்கிய பிறகு மெரினா. சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கடற்கரை அருகில்தான். எழும்பூர் அருங்காட்சியகம் பச்சை வழித்தடத்திலேயே இருக்கிறது. அதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். திருமண விருந்து முடிந்த கையோடு ஓடி ஏமாறாதீர்கள்.

அரவேணு
திருமணம் எந்த நாள் என்பதை இன்னும் சொல்லவில்லை. திரும்பி வரும் சீட்டும் எடுத்தாயிற்றா?

கட்டபெட்டு மகள்
அனைவருக்கும் நன்றி. சென்று வந்துவிட்டோம். பச்சை வழித்தடத்தில் வடபழனிக்குச் சென்றது மிகவும் எளிதாக இருந்தது. அம்மா ஒரு படிகூட ஏறவில்லை. வெள்ளி விடியலில் ஆட்டோ தாமதமின்றி வந்தது. அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளின் கூடத்தை விட்டு அம்மா நகரவே இல்லை. கடற்கரை மணலில் மட்டும் அவரால் நடக்க முடியவில்லை, நடைபாதையிலேயே அமர்ந்துகொண்டோம்.

குன்னூர் ரயிலடி
மகிழ்ச்சி. சீட்டு தட்கலில் கிடைத்ததா, காத்திருப்புப் பட்டியலே உறுதியானதா? அடுத்த மாதம் என் மாமியாரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

குன்னூர் ரயிலடி
சகோதரி, பார்த்தால் பதில் சொல்லுங்கள்.