பவர் கண்டிஷனிங்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சூரிய மின்நிலையத்தில் வேலைக்குச் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கான கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பலகையிலிருந்து வரும் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கி, 50 ஹெர்ட்ஸில் நிறுத்தி, அலையின் பிசிறுகளை வடித்து மின்மாற்றிக்கு அனுப்பும் பெட்டிதான் பவர் கண்டிஷனிங் யூனிட். குளிர்பதனி மாதிரி 'மின்பதனி' என்று வைத்திருக்கிறேன். சரியா?

இராமநாதபுரத்து ஆசிரியை:
தம்பி, 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்த கமுதி பனங்காட்டு ஊர். அங்கே போய்ப் பதனி என்றால் பிள்ளைகள் சொம்பைத் தேடுவார்கள்.

புலவர்:
அதனாலேயே பொருந்தும் அம்மா! அறம் அறன் ஆவதுபோல் பதம் பதன் ஆகும், கடைப்போலி. பதனோடு இகரம் சேர்ந்தால் பதனி. நீங்கள் குடிப்பது பதநீரின் மரூஉ. இரண்டுக்கும் வேர் பதமே; சோற்றுப்பதம், பாகுபதம், உழவுக்கு மண்பதம் எல்லாம் ஒரே குடும்பம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பலகை தருவது கள், பெட்டி இடுவது சுண்ணாம்பு.

ஆசிரியை:
உவமை அருமை ஐயா. ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் சில நிமிடம் நிற்கும். கதவில் ஒட்டிய மஞ்சள் எச்சரிக்கைத் தாளைப் பார்த்ததும் பையன் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் எல்லாருக்கும் அது இன்வெர்ட்டர்தான்.

மொழிபெயர்ப்பாளர்:
அக்கா, வீட்டில் மின்வெட்டுக்கு வைக்கும் பேட்டரிப் பெட்டியும் இன்வெர்ட்டர்தானே? இது கன்டெய்னர் அளவு இருக்கும். தவிர, மேகம் மறைத்தால் பலகையின் உச்சத்திறன் புள்ளி, அதாவது அது மிக அதிகத் திறன் தரும் மின்னழுத்தம், நகரும். அதைத் துரத்திப் பிடிப்பதும் இதன் வேலை. இன்வெர்ட்டர் என்றால் பாதிதான்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
எங்கள் பாடநூல்களில் மாறுதிசை என்பது ஆடலோட்டம், மின்மாற்றி என்பது நிலைமாற்றி. 'நேர்-ஆடல் மாற்றி' என்றால் எங்களுக்கு உடனே விளங்கும்.

புலவர்:
ஆடல் அழகான சொல். தில்லையிலிருந்து தொடங்கினால்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, தில்லை அடுத்த வாரம். இன்று வியாழன். இப்படிப் போட்டுவிட்டேன்: அத்தியாயத் தலைப்பு 'மின் பதப்படுத்தல்', பெட்டிக்கு 'இன்வெர்ட்டர் அலகு', மஞ்சள் தாளில் வெறும் 'இன்வெர்ட்டர்'. மூன்று பேர் சரி என்று தனிமடல் போட்டார்கள்.

புலவர்:
பதப்படுத்தலா? வாணியம்பாடித் தோல் வாசம் அடிக்கிறது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆசிரியை:
தோலுக்குப் பதனிடுதல் ஐயா. பதப்படுத்துவது மீனையும் பழத்தையும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்புறம், அடுத்த பக்கத்தில் ரியாக்டிவ் பவர் நிற்கிறது; வேலை எதுவும் செய்யாமல் மின்கம்பியில் போய்ப்போய்த் திரும்பும் திறன். 'சுழித்திறன்' என்று எழுதினால் ஒன்றுமில்லாத திறன் என்று நினைத்துவிடுவார்களோ? மின்தொகுப்பு அதைத்தான் கேட்டு வாங்குகிறது.