மறு: எழுத்தைக் கலைக்கச் சொல்லும் சொல்லுக்கு என்ன பெயர்?

அண்ணாச்சி, வணக்கம். குறுக்கெழுத்துப் புதிரில் எழுத்தைக் கலைக்கச் சொல்லும் சொல்லுக்கு நீங்கள் வைத்த பெயரைப் பார்த்தேன் (அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது):

> 'கலங்கிய காவிரி ஓர் ஆண்டு (3).' விடை விகாரி. இதில் 'கலங்கிய' என்பதுதான் எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது. அதைக் 'கலைசொல்' என்று வைத்துக்கொள்வோம். வினைத்தொகை, ஒற்று மிகாது.

புதிர் அருமை. 2019 சித்திரையில் பிறந்த வருசம், பலருக்கு இன்னும் மறந்திருக்காது. பெயரில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு 'ச்' சேர்ந்தால் அது கலைச்சொல். நீங்கள் சரியாக எழுதினாலும், பிழை என்று நினைத்து யாராவது திருத்தி வைப்பார்கள். போனில் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'சொல்' என்கிற பின்பாதி. தமிழில் இந்த வேலையைச் செய்வது எப்போதும் தனிச்சொல்லாக இருக்காது. இதைப் பாருங்கள்:

'கம்புக்குள் ஐந்து வைத்தால் இனிப்பது (4)'

பழைய கணக்கில் ஐந்துக்கு 'ரு' போலத்தான் எழுதுவார்கள். அந்த 'ரு' கம்புக்குள் போனால் கரும்பு. உள்ளே வை என்று இங்கே சொல்வது எது? 'கம்பு'வோடு ஒட்டிக்கொண்ட 'க்குள்'. அதைப் போய்ச் சொல் என்றால் இலக்கணக்காரர்கள் சும்மா விடுவார்களா?

அதனால் என் ஓட்டு 'கலக்கி'க்கு. உள்ளே வாங்கச் சொல்வது 'விழுங்கி'. பின்னாலிருந்து படிக்கச் சொல்வது 'திருப்பி'. 'விலகு' திரும்பினால் 'குலவி' என்று வருமே, அந்த வகை. ஒரு பெயர் வைத்தால் அதன் கூடப்பிறந்ததுகளுக்கும் அதே அச்சில் பெயர் கிடைக்க வேண்டும். 'கலைசொல்'லுக்கு அந்த வசதி இல்லை.

> கலக்கி என்றால் பரோட்டாக் கடையில் முட்டை கேட்கிற மாதிரி இருக்கு.

இருக்கட்டுமே! கேட்டதும் சிரிப்பு வந்தால் மறக்காது.

மற்ற வகைகளுக்குப் புதிதாகத் தேட வேண்டாம், பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலேயே கிடக்கிறது. வாக்கியத்துக்குள் விடை ஒளிந்திருந்தால் 'கரந்துறை'. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளிப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்று சித்திரக்கவியில், அதாவது எழுத்துகளை வைத்து விளையாடும் பாட்டு வகையில், சொல்கிறார்கள். சொல்லைத் துண்டுபோட்டுத் துண்டுக்கு ஒரு குறிப்பு கொடுப்பது 'வினாவுத்தரம்'. நம்ம ஊர்ச் சரக்கிலேயே ஒன்று:

'இரவே வருக என ஏமாற்றக் கொடுப்பது (3)'

இரவுக்கு 'அல்', வருகவுக்கு 'வா'. அல்வா. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்காதீர்கள். அந்திக்கு மேல் இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் ஊரில், 'இரவே வருக' என்பது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வினாவுத்தரம் வாயில் நுழையவில்லை என்றால் 'துண்டுக்குறிப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அப்புறம், முதலெழுத்தை எடுத்துவிடச் சொல்வதற்குத் 'தலைவெட்டி' என்று தென்காசி நண்பர் எழுதியிருந்தார். கொஞ்சம் கொலைகாரத்தனமாக இருக்கிறது, ஆனாலும் அதே அச்சில் சரியாக விழுகிறது. எனக்குச் சம்மதம். கடைசி எழுத்தை எடுப்பதற்கு 'வாலறுப்பி' என்றால் நன்றாகவா இருக்கிறது? வேறு யாராவது சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்று, அண்ணாச்சி. விடையை இங்கே போட்டுவிடாதீர்கள், வெளியூர்க்காரர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும்:

'சண்டை போடு, நொந்து போ, ஆறு வரும் (3)'