கலிஃபோர்னியா விவசாயப் பூமியின் பழைய குடும்பங்கள்: நீங்கள் நேரில் சந்தித்தவர்கள்

கேபிள் கண்ணன்
சில வருடங்களுக்கு முன், கலிஃபோர்னியாவின் தெற்கு ஓரத்துப் பாலைவன விவசாயப் பகுதியான இம்பீரியல் வேலியில் சோலார் வேலை. நூறு வருடம் முன் விவசாயத்துக்கு வந்த பஞ்சாபி ஆண்கள் மெக்சிகன் பெண்களைக் கட்டி உண்டான பஞ்சாபி–மெக்சிகன் குடும்பங்களைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹோல்ட்வில் பக்கம் நாங்கள் கேபிள் இழுத்த வயலின் சொந்தக்காரர் எண்பது தாண்டியவர். பெயரில் சிங், பேச்சு ஸ்பானிஷ், கழுத்தில் சிலுவை. ஒருநாள் மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டு டார்ட்டிலாவும் கோழிக் குழம்பும் போட்டார். குழம்பு அப்பா கற்றுக்கொடுத்ததாம்.

சாப்பிட்டதும் மேஜையை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பழைய பத்திரத்தை விரித்தார். வாங்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர். அப்போது அவருக்கு வயது நாலு! அப்பா பெயர் கீழே, காப்பாளராக. நம்மவர்களை ஒடுக்கப் போட்ட 1913 நிலச் சட்டம்தான் காரணம். குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது. இங்கே பிறந்த பிள்ளை வாங்கலாம். “நாலு வயதில் நான் முதலாளி, அப்பா என்னிடம் வேலைக்காரர்” என்று சிரித்தார். மகன் நிலத்தில் விளைந்ததற்கு அப்பா வருடா வருடம் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போது சிரிப்பில்லை. விரல் மட்டும் அப்பா பெயர் மேல் இருந்தது. அந்த விரல் இன்னும் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஸ்ட்ராபெரி சேகர்
“நம்மவர்களை ஒடுக்க” என்பது சரியில்லை, கண்ணன். 1913 சட்டம் குறிவைத்தது ஜப்பானியர்களை. பஞ்சாபிகளும் அதில் சிக்கினார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் நம்மை நடுவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எப்போது போகுமோ.

சாக்ரமென்டோ பக்கம் ஒரு புத்தர் கோயில் விழாவில் கேக் விற்ற பாட்டியிடம் பேசினேன். ஊர் ஃப்ளோரின், ஸ்ட்ராபெரித் தோட்டக் குடும்பம். உலகப் போரில் ஜப்பானிய வம்சத்தவரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தபோது, 1942 மே மாதக் கடைசியில் இவர்களையும் குடும்பத்தோடு ஏற்றிவிட்டார்கள். அது அறுவடைச் சமயம், தோட்டம் முழுக்கப் பழம் சிவந்து நிற்கிறது. “அந்த வருஷத்துப் பழத்தை யார் தின்றார்களோ” என்று கேட்டுவிட்டு எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். நாட்டையோ சட்டத்தையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழத்தைப் பற்றித்தான் கேட்டார்.

அதே ஊரில் பாப் ஃப்ளெட்சர் என்று ஒருவர் இருந்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் தங்காமல் கூலியாட்கள் கொட்டகையில் படுத்தார். லாபத்தில் பாதியை அவர்களுக்கென்று வைத்திருந்தார். அப்படி ஓர் ஆள் கிடைக்காத குடும்பங்கள்தான் அதிகம்.

டெல்டா ராணி
நாங்கள் பேரிக்காய் சீசனில் சாக்ரமென்டோ டெல்டாவில் இருக்கும் லாக் என்ற சீனர் ஊருக்குப் போனோம். 1915-ல் வால்நட் குரோவ் சீனர் குடியிருப்பு எரிந்த பிறகு கட்டிய ஊர். அதே நிலச் சட்டத்தால் வீடு அவர்களுடையது, அடிமனை வேறொருவருடையது. 2004-ல்தான் மனை கைக்கு வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம், வீடெல்லாம் இப்படிச் சாய்ந்திருக்கிறதே என்றேன். “அடுத்தவன் மண்ணில் எவன் ஆழமாக அஸ்திவாரம் போடுவான்?” என்றார்.

பேக்கர்ஸ்ஃபீல்ட் மாமா
ஆலன்ஸ்வொர்த்தை யாரும் சொல்லவில்லையே. அடிமையாகப் பிறந்து ராணுவத்தில் லெஃப்டினன்ட் கர்னல் ஆன ஆலன் ஆலன்ஸ்வொர்த், 1908-ல் டுலாரி கவுண்டியில் கறுப்பின மக்களுக்காக நிறுவிய ஊர். அங்கே பழைய பள்ளிக்கூடத்தில் ஓர் அம்மாள், பாட்டி படித்த இடமாம், சின்னப் பெஞ்சில் உடம்பைச் செருகி உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தார். நான்தான் கை கொடுத்தேன். அங்கேயும் இதே கதைதான், நிலம் அவர்கள் கையில் நிற்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்கவும். கோடையில் வேண்டாம், வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தண்ணீரைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. டிசம்பர், ஜனவரியில் தூலி என்று சொல்லும் அடர்ந்த மூடுபனி. 99-ம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியே தெரியாது, காலை பத்து மணிக்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். காற்றடித்தால் மாஸ்க் அவசியம், மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் வரும். இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் இந்தப் பக்கம் போய் வந்ததைச் சொல்லுங்கள். டயரில் காற்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்தா வாங்குவதென்றால் வறுக்காததை வாங்குங்கள்.

கேபிள் கண்ணன்
மாமா, பிஸ்தாவுக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை. ஆனால் “இதே கதை” இல்லை. ஆலன்ஸ்வொர்த்தில் பத்திரம் அவர்கள் கையிலேயே இருந்தது, தண்ணீர்தான் இல்லை. நிலம் விற்ற கம்பெனி ஒப்புக்கொண்ட அளவு தண்ணீர் கொடுக்கவில்லை. 1914-ல் ரயில் நிறுத்தம் பக்கத்து ஊரான அல்பாவுக்குப் போனது, அதே வருடம் கர்னல் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். இம்பீரியல் வேலியில் தலைகீழ்: 1901-லேயே கொலராடோ தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது, பத்திரத்தில்தான் பெயர் போட முடியவில்லை.

சேகர், குறி யார் மேல் என்பதில் சண்டை இல்லை. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்த பிறகு அடி எல்லோருக்கும் ஒன்றுதான். 1946 வரை பஞ்சாபிகளுக்குக் குடியுரிமைக்கு வழியில்லை.

இன்பாக்ஸில் பெரியவர் நம்பர் கேட்பவர்களுக்கு: தர மாட்டேன். ஏற்கெனவே ஒரு யூடியூப் தம்பி போய், கொஞ்சம் சோகமாகப் பேசுங்க சார் என்றிருக்கிறார். பெரியவர் அவரை கேரட் மூட்டை தூக்க விட்டுவிட்டாராம்.